வாய்க்கால் முறையில் வந்த நோய்

நெடும்பத்து ஊரில் திங்கட்கிழமை யாருக்கு மூட்டுவலி வரவேண்டும், வியாழக்கிழமை யாருக்கு இருமல் வரவேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் முத்துக்குமாரசாமி. வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துப் பங்கிடுகிறவரும் அவர்தான். ஆகையால் எங்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மேல்மடைக்காரர்களுக்கு வாரத் தொடக்கத்தில் தண்ணீர், நோயும் அப்போதே. கடைமடைக்காரர்களுக்கு இரண்டுமே சனிக்கிழமை.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் டாக்டரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

பூதப்பாண்டியிலிருந்து தாடகை மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், பழைய நெல்குத்து மில்லை ஒட்டி ஓடு போட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. அதுதான் டாக்டர் பொன்னுலிங்கத்தின் ஆஸ்பத்திரி. கருங்கல் பக்கத்துக்காரர். அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் வெள்ளை நாமத்தோடும் கையில் தோல்பையோடும் அவர் இங்கே வந்திறங்கியபோது இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஊருக்குள் பஸ் கிடையாது. டாக்டர் என்று ஒருவர் நாகர்கோவிலில்தான் உண்டு. வந்தவரை நாங்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினோமா என்றால் அதுவுமில்லை. இன்ன சாதி என்று விசாரித்துவிட்டுத் தெருவில் வீடு கொடுக்க மறுத்தார்கள். மில்காரர் மட்டும் உமி போட்டுவைக்கிற பின்கட்டை ஒழித்துக் கொடுத்தார்.

அந்த வருடமே வாந்திபேதி வந்தது. அம்மன் கோபம் என்று ஊர் கொடைவிழா நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருக்க, டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு வீடு வீடாக நடந்தார். மேலத்தெருவில் முதலில், பிறகு நடுத்தெரு, பிறகு கடைமடைக் குடிசைகள். நோய் தண்ணீர் போகிற வழியிலேயே போயிருந்தது. ஊரே வாய்க்காலில் குளித்து, துவைத்து, அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடந்தது. ஆனால் அதில் எல்லோரும் வாளி போட முடியாது.

டாக்டர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வாய்க்கால் படித்துறையில் போய் உட்கார்ந்துகொண்டார். குடத்தோடு வந்தவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். ஊர்த்தலைவர் தாணுப்பிள்ளை மண்வெட்டியோடு வந்து நின்றார். எழுந்திருக்காவிட்டால் காலை வெட்டுவேன் என்றார். வெட்டிக்கொள்ளும், கட்டுப்போட எனக்கே தெரியும் என்று டாக்டர் சொன்னதாகக் கதை. மறுநாள் தாணுப்பிள்ளையின் இளைய பெண்ணுக்கு வயிறு போகத் தொடங்கியது. டாக்டர்தான் பக்கத்தில் இருந்து பிழைக்கவைத்தார். அந்த வாரமே கோயில் கிணறு எல்லாக் கைகளுக்கும் திறந்தது. இன்றைக்கு எங்களூரில் சாதி இல்லாமல் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கிணற்றை அதற்குப் பிறகு யாரும் மூடியதில்லை.

அந்தத் தாணுப்பிள்ளையின் மகன்தான் முத்துக்குமாரசாமி.

பிறகு நடந்ததெல்லாம் சொல்லி மாளாது. அம்மைக்குத் தடுப்பூசி, யானைக்காலுக்கு வீடு வீடாக இரத்தச் சோதனை, மண்ணெண்ணெய் விளக்கில் பிரசவம், அறுப்புக் காலத்தில் பாம்புக்கடி. கடலோரக் கடியப்பட்டணத்திலிருந்துகூட ஆட்கள் ஓலைப்பெட்டியில் மீனோடு இரண்டு பஸ் மாறி வருவார்கள். டாக்டரும் அவர் மனைவி முத்துக்கனியும் அந்த மீனை நாலு பங்கு வைத்து, மீன் தின்கிற வீடாகப் பார்த்துக் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் தெருவில் சைவம், ஆகவே எங்களுக்கு மட்டி வாழைப்பழம் வரும். நாங்கள் கொடுத்த மட்டிப்பழமே சில சமயம் எங்களுக்குத் திரும்பி வரும்.

காலம் மாறியது. ரோடு வந்தது, பத்து நிமிடத்துக்கொரு பஸ் வந்தது, நாகர்கோவிலில் மாடி மாடியாக ஆஸ்பத்திரிகள் வந்தன. முத்துக்கனியம்மை போய்ச் சேர்ந்தார். டாக்டருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது, பெயர்கள் மாறுகின்றன. மகன் ஸ்ரீஜித் ஆஸ்திரேலியாவில் டாக்டர். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நோயாளிகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நோயாளிதான் யாரும் இல்லை.

போன வருடம் ஒருநாள் நர்ஸ் கிரேசி சாயாக்கடைக்கு வந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறவள். முத்துக்குமாரசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணாச்சி, காலத்தையே எழும்பிச் சட்டை போட்டு நாற்காலியில இருக்காரு. ஆளு வரல்லேன்னா உச்சைக்குக் கஞ்சி குடிக்க மாட்டங்காரு. வேலை செய்யாம எப்பிடிக் குடிக்கதுன்னு கேக்காரு.”

இப்படித்தான் முறை தொடங்கியது. ஒருநாளைக்கு நாலு வீட்டிலிருந்து ஆள். ஒரே நோயைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நோயையும் முத்துக்குமாரசாமியே பங்கிட்டார். ஊசி போடுகிற நோய் எதுவும் கிடையாது. மூட்டுவலி, இருமல், உறக்கமின்மை, பசியின்மை, வாயு, இவ்வளவுதான். டாக்டர் கொடுக்கிற மாத்திரையை வாங்கிக் கும்பிட்டுவிட்டு வந்து வாழைமூட்டில் மண்ணுக்கடியில் புதைத்துவிட வேண்டும். நிஜமாகவே நோய் வந்தால் சத்தம் காட்டாமல் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறவேண்டும். இந்த ஒரு வருடமாக எங்களூர் வாழைகள் கொழுகொழுவென்று நிற்கின்றன.

மாசி மாதம் கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கிய வாரத்தில் முத்துக்குமாரசாமியின் வீட்டு முறை வந்தது. அவருக்கு நேரமில்லை. அறுப்பு மெஷின் வெளி ஜில்லாவிலிருந்து வந்து நின்றது. இந்த வயல்வெளியில் வரிசை தவறினால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்பி வராது. அம்பை பதினாறு நெல் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. தாடகை மலை உச்சியில் காலம் தப்பிய மேகம் ஒன்று தினமும் வந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே மனைவி அழகியநாயகியைப் போகச் சொன்னார். அவளுக்கு ஒதுக்கிய நோய் மூட்டுவலி.

அழகியநாயகிக்கு மூட்டில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாக நெஞ்சுக்குழியில்தான் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. கஞ்சிப்பானையை இறக்கினால் மூச்சு வாங்கியது, தாடை வரை வலி ஏறியது. வாயு என்று அவளே தீர்மானித்து இஞ்சிச்சாறு குடித்துவந்தாள். அறுப்பு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று கணவரிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயு அன்றைக்கு வேறொரு வீட்டுக்கு ஒதுக்கிய நோய். முறைகாரர் வீட்டிலேயே முறையை மீறினால் ஊர் என்ன சொல்லும்? அவள் ஆஸ்பத்திரிப் படியேறி, பாதிப் படியில் தூணைப் பிடித்து நின்று, மூச்சைச் சரிசெய்துகொண்டு, முந்தானையால் வேர்வையைத் துடைத்து, முழங்காலைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

டாக்டர் அவள் முழங்காலைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“செல்லம்மா, ராத்திரி எத்தனை தலையணை வச்சுக் கெடக்கே?”

“நான் அழகியநாயகியாக்கும் டாக்டரய்யா. செல்லம்மை எங்க மாமியாரு. அவிய போயி எம்புட்டோ வருசம் ஆச்சு.”

“அது கெடக்கட்டும். தலையணை எத்தனை?”

“ரெண்டு. முட்டு வலிக்குல்லா, அதுக்கு.”

“முட்டுக்கு ஒண்ணுமில்லே மக்கா. நெஞ்சு சரியில்லே. முத்துகிட்டச் சொல்லு, நாரோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு இல்லே, இன்னைக்கு.”

அவள் வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். முட்டுவலிக்கு நெஞ்சு பார்க்கிறார், மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், பாவம். முத்துக்குமாரசாமியும் பாவம் என்றுதான் சொன்னார். வீட்டில் அறுப்பாட்களுக்குக் கஞ்சியும் பயறுத் துவரனும் ஆகவேண்டியிருந்தது. மாத்திரை வாழைமூட்டுக்குப் போயிற்று. அவள் இஞ்சி இடிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் முற்பகல் மெஷின் முத்துக்குமாரசாமியின் வயலில் இறங்கியது. அவருடைய மகன் சுதன் நாகர்கோவில் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் காரோடு வந்திருந்தான். கரையில் சாக்கை உதறிப் போட்டுக்கொண்டு நாங்களும் நாலைந்து பேர் நின்றோம். மேகம் மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. அழகியநாயகி சாயா வாளியோடு வரப்பில் வந்து, பாதி வழியில் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வெயிலுக்கு நிற்கிறாள் என்று நினைத்தோம்.

அப்போதுதான் வரப்பின் மறு முனையில் டாக்டரைப் பார்த்தோம். கையில் கம்பு. பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு கிரேசி. அவர் வயலுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. வழுக்குகிற வரப்பில் கம்பை ஊன்றி ஊன்றி வந்தவர், நேராக வயலுக்குள் இறங்கி, அறுக்காத நெல்லுக்கு முன்னால், மெஷின் வரவேண்டிய இடத்தில், ஈர நெல்தாளில் உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் நின்றது. டிரைவர் வெளியூர்க்காரன், என்ன செய்வது என்று தெரியாமல் இறங்கி வந்து எங்களைப் பார்த்தான்.

முத்துக்குமாரசாமி ஓடிவந்தார். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் எங்களூரில் அந்த மனிதரிடம் யாரும் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. அவர் சேற்றில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“டாக்டரய்யா, மழை வருகு. இந்த வயலை மட்டும் அறுத்துக்கிடுகேன். நாளைக்கு விடியக் கூட்டிட்டுப் போறேன், சத்தியமா.”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “முத்து, ஒங்கம்மையும் என் ஆஸ்பத்திரிப் படியில இவ நின்ன மாதிரிதான் நின்னா. வண்டி கட்டிக் கொண்டு போனோம். பூதப்பாண்டி தாண்டலை. அன்னைக்கு ரோடு இல்லே. நாரோயில்ல மெஷின் இல்லே, என் கையில மருந்தும் இல்லே. இன்னைக்கு ஒனக்கு என்னலே இல்லே?”

முத்துக்குமாரசாமி மலைப்பக்கம் மேகத்தைப் பார்த்தார். கிழவருக்கு மனது பழைய காலத்துக்குப் போய்விட்டது என்று அவர் அப்போதும் நினைத்தார் என்றே நான் நம்புகிறேன். சுதன்தான் அப்பாவின் தோளைத் தொட்டு மெல்லச் சொன்னான். வெயிலில் இவர் இப்படியே இருந்தால் இவருக்கு ஏதாவது ஆகிவிடும், அம்மையை ஒரு எட்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தால் இவர் மனசு ஆறும். ஒரு வருடமாக ஊர் செய்துவருகிற காரியம்தானே இதுவும். முத்துக்குமாரசாமி தலையாட்டினார். அழகியநாயகி சேலை மாற்ற வேண்டும் என்றாள். டாக்டர் கம்பை நீட்டி, அப்படியே போ என்றார். கார் ரோட்டில் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்.

நாகர்கோவிலுக்கு முன்னால் உள்ள புத்தேரி வரைக்கும் அவள் காரில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாளாம். டாக்டர் வயலில் உட்கார்ந்ததைப் பேரன் பேத்திக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றாளாம். பிறகு பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் முகம் முழுக்க வேர்வை, உதடு வெளுத்து, கை கணவரின் சட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. சுதன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவளை ஓட்டமாகத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

இரத்தக்குழாய் ஏறக்குறைய முழுக்க அடைத்திருந்தது. இன்னும் அரைமணி நேரம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, நல்ல வேளை வந்து சேர்ந்தீர்கள் என்றார் அங்கிருந்த இளைய டாக்டர். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த டாக்டர் வெளியே வந்து, யார் அனுப்பினார்கள், அங்கே என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டார்.

“டெஸ்ட் ஒண்ணும் எடுக்கல்லை,” என்றார் முத்துக்குமாரசாமி. “படி ஏறுகதைப் பாத்தாரு.”

அந்தப் பையன் நல்லவன். சிரிக்கவில்லை. அந்த டாக்டரை நான் கும்பிட்டதாகச் சொல்லுங்கள் என்றான்.

இங்கே, கார் போன பிறகு டிரைவர் மெஷினை மறுபடி கிளப்பினான். பிற்பகல் போன் வந்தது. விஷயம் தெரிந்ததும் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. முத்துக்குமாரசாமிக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள், எங்கள் முறையையும் அவருக்கே விடுங்கள், முதலில் அந்த வயல்களை முடியுங்கள் என்றார்கள். மழை சாயங்காலம் பிடித்துக்கொண்டது. கடைசி வயல் சாய்ந்துதான் போனது. அதை மறுநாள் ஆணும் பெண்ணுமாக இறங்கிப் பழையபடி அரிவாளால் அறுத்தோம். பாதிப் பேருக்கு அரிவாள் பிடிக்க மறந்திருந்தது, விரலை வெட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். நிஜமான காயத்தைப் பார்த்ததில் அவருக்கு அன்றைக்குச் சந்தோஷம் என்று கிரேசி சொன்னாள்.

அழகியநாயகி வீட்டுக்கு வந்து, கருப்பட்டிக் காப்பி கூடாது, உப்பு கூடாது என்பதற்கெல்லாம் முகத்தைச் சுளிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை முத்துக்குமாரசாமி மட்டிப்பழக் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மேல்மடை முறை. வெளியே பெஞ்சில் இரண்டு பேர் அவரவர் நோயை மனதுக்குள் சொல்லிப்பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் குலையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். டாக்டரின் காலைத் தொட்டார். கும்பிட்ட கையை எடுக்கவில்லை. நாங்கள் உங்களுக்குப் பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று தொடங்கி, முறை, நோய்ப் பங்கீடு, வாழைமூடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். “இந்த ஊருல சீக்கு வாய்க்கால் முறையில வந்ததை ரெண்டு தடவை பாத்திருக்கேன். ஒண்ணு வாந்திபேதி. மற்றது ஒன் மண்டையில உதிச்சது. மேல்மடைக்காரன் எல்லாவனுக்கும் ஒரே நாளையில சீக்கு வந்தா எனக்குத் தெரியாதாக்கும்?”

“அப்பம் டாக்டரய்யா ஏன் ஒண்ணும் சொல்லல்லை?”

“சொன்னா பொறவு வருவியளா? சீக்கு வந்தா நாரோயிலுக்கு ஓடுவிய. சீக்கு இல்லாதப்பத்தான் இஞ்ச வாறிய. சீக்கு முத்துகதுக்கு முன்ன ஊரையே வாரா வாரம் பாக்கதுக்கு எந்த டாக்டருக்குக் கொடுத்துவச்சிருக்கு? படி ஏறும்ப பாப்பேன். இருமும்ப பாப்பேன். பொய் சொல்லும்ப மொகத்தைப் பாப்பேன்.”

“மருந்து?”

“சத்து மாத்திரை. கை நடுங்கத் தொடங்கின பொறவு நான் வேற மருந்து யாருக்கும் குடுத்ததில்லே. கிரேசிகிட்டக் கேளு.” அவர் குலையைப் பார்த்தார். “வாழை நல்லா வந்திருக்கு.”

முத்துக்குமாரசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார். இத்தனை நாளும் இந்த மனிதருக்குச் சோறு இறங்க வேண்டுமே என்று ஊரை அனுப்பிவைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊரை ஒவ்வொரு ஆளாக எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது இவர். முறையை நிறுத்தவேண்டாம் என்றார் டாக்டர். இனி ஒதுக்கின நோயைச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லட்டும், பொய் கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது என்றார்.

முத்துக்குமாரசாமி விடைபெற எழுந்தார்.

“இரிலே. இன்னைக்கு ஒன் முறைதானே. ஒனக்கு என்ன செய்யுது?”

ஒன்றுமில்லை என்றுதான் வாய் வந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்து, கையை நீட்டினார்.

“ராத்திரி உறக்கம் இல்லே டாக்டரய்யா. கண்ணை மூடினா அவ அந்தக் காருல இருக்கா. என் சட்டையப் பிடிச்சிட்டு இருக்கா. நான் நாளைக்குன்னு சொன்னேன். நெல்லுக்கு வேண்டி நாளைக்குன்னு சொன்னேன் டாக்டரய்யா.”

நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகனும் உறவும் பார்க்க விறைப்பாக நின்ற மனிதர் அங்கே குலுங்கி அழுதார். டாக்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நடுங்குகிற விரல்கள்தான், ஆனால் விடவில்லை. மாத்திரை எதுவும் எடுக்கவில்லை.

“அவ இருக்கால்லா,” என்றார். “அழு. நான் பிடிச்சிருக்கேன்.”

வெளியே பெஞ்சில் இருந்தவர் நேரமாகிறதே என்று எழுந்து கதவுப் பக்கம் வந்தார். கிரேசி கையை நீட்டித் தடுத்தாள்.

“உள்ள நெசமான நோயாளி இருக்கு,” என்றாள். “செத்த பொறுங்க.”